ஆற்று வாயில் டோல் போட்ட ராஜாக்கள்

சிலாங்கூர் உள்நாட்டுப் போரைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1867 முதல் 1874 வரை. காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, ஒழுங்காக எழுதினால் பத்து மார்க். வாத்தியார் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அந்தப் போரில் மோதிக்கொண்ட பெரிய மனிதர்களில் பாதிப் பேர் ஒரே கல்யாணப் பந்தியில் உட்காரவேண்டியவர்கள். மாமனார், மருமகன், சித்தப்பா பிள்ளை, நிச்சயம் முறிந்த மாப்பிள்ளை, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த புது மாப்பிள்ளை. சாதாரணக் குடும்பமாக இருந்திருந்தால் கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்து வைத்து, நாலு பேர் கத்தி, இரண்டு பேர் அழுது முடிந்திருக்கும். இவர்களிடம் பீரங்கி இருந்ததால் சரித்திரமாகிவிட்டது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். வடக்கே நம்ம சபாக் பக்கம் பெர்ணம் ஆறு. அதற்கு அப்பால் பேராக். தெற்கே இறங்கினால் சிலாங்கூர் ஆறு, அதன் வாயில் கோல சிலாங்கூர். அதற்குக் கீழே கிள்ளான் ஆறு, பிறகு லங்காட், கடைசியில் லுக்குட். இன்றைக்குக் கடலோரச் சாலையில் வண்டியை எடுத்தால், செகிஞ்சானில் நிறுத்தி மீன் சாப்பிட்டாலும் பகல் பொழுதுக்குள் கிள்ளான் போய்விடலாம். அன்றைக்குச் சாலை ஏது? ஆறுதான் சாலை. உள்ளே தோண்டிய ஈயம் ஆற்றில் இறங்கியாக வேண்டும். அரிசியும் உப்பும் அபினியும் ஆற்றில் ஏறியாக வேண்டும். ஆற்று வாயில் ஒரு மரக்கோட்டை, சில பீரங்கிகள், ஒரு ராஜா, வசூலுக்கு ஆள். நெடுஞ்சாலையில் இருக்கும் டோல் சாவடியேதான். அங்கே ரசீது கேட்டால் குண்டு கிடைக்கும், அவ்வளவே வித்தியாசம்.

இதை மனசில் வைத்துக்கொண்டால் போர் முழுவதும் விளங்கிவிடும். யார் யாருக்கு விசுவாசம் என்று கேட்டால் தலை சுற்றும். எந்த ஆற்று வாய் யார் கையில் என்று கேளுங்கள், எல்லாம் நேராகிவிடும்.

கதை கடனில் தொடங்குகிறது. சிலாங்கூரை ஆண்ட சுல்தான் முகம்மது ஈயச் சுரங்கத்தில் ஆசை வைத்துப் பணத்தைக் கொட்டினார். சுரங்கம் ஈயம் தரவில்லை. மலாக்கா வணிகர்கள் கடன் பத்திரத்தோடு நின்றார்கள். மாமனாரின் மானத்தைக் காப்பாற்றியவர் லுக்குட்டை ஆண்ட மருமகன் ராஜா ஜுமாஅத். நல்ல மருமகன்தான், ஆனால் சும்மா காப்பாற்றும் மருமகன் இல்லை. சுல்தானின் மகன் ராஜா சுலைமான் 1853-ல் இறந்ததும் அவர் ஆண்டுவந்த கிள்ளான், ஜுமாஅத்தின் தம்பி ராஜா அப்துல்லாவுக்குப் போனது. சுலைமானுக்கு ஒரு மகன் இருந்தார்: ராஜா மஹாடி. அப்பன் ஆண்ட ஆறு, பேரனுக்கு வரவேண்டிய ஆறு, கடனை அடைத்தவன் கைக்குப் போனால் எந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வரும்?

1857-ல் சுல்தான் முகம்மது கண்ணை மூடினார். வாரிசு இவர்தான் என்று சொல்லாமலே மூடினார். செத்த பிறகு சிக்கல் உண்டாக்குவதற்கு இதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நேரடி மகன் சின்னப் பையன் என்று ஓரங்கட்டிவிட்டு, லுக்குட் தரப்பு ஆதரவோடு பதவிக்கு வந்தவர் செத்தவரின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளையும் மருமகனுமான அப்துல் சமாட்.

இந்த அப்துல் சமாட்தான் என் கதாநாயகன். மற்றவர்கள் எல்லாம் கோட்டை பிடித்தார்கள், கோட்டை விட்டார்கள். இவர் லங்காட்டில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அபினி பிடிக்கும், அமைதி பிடிக்கும். இளவயதில் தன் கையாலேயே தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவர் என்று ஒரு கதை ஊரில் உலாவியது. நூறாவது ஆளுக்காக அவர் அலட்டிக்கொள்ளவில்லை என்பது குணத்தைக் காட்டுகிறது. தன் வாசலுக்கு எதிரிலேயே கடற்கொள்ளை நடக்கிறது என்று வெள்ளைக்காரர்கள் வந்து புகார் சொன்னபோது, அதெல்லாம் பையன்களின் விளையாட்டு என்று சொல்லி அனுப்பியதாகப் பதிவு இருக்கிறது. பையன்கள் என்றால் சொந்த மகன்களும் சுற்றியிருந்த இளவட்ட ராஜாக்களும். ஆளத் தெரியாதவர் என்று ஆங்கிலேயர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழு வருடப் போரில் எந்தத் தரப்பு ஜெயித்தாலும் தான் சுல்தானாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டவர் ஆளத் தெரியாதவரா?

கிள்ளானில் ராஜா அப்துல்லாவும் அண்ணன் ஜுமாஅத்தும் 1857-ல் சீ யாம் சுவான், லிம் சே ஹோ என்ற மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி வாங்கி, 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் ஏற்றி ஆற்றின் மேல்பக்கம் அனுப்பினார்கள். கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி அம்பாங்குக்கு நடந்தார்கள். ஒரு மாதத்தில் மிஞ்சியவர்கள் 18 பேர். மற்றவர்களைக் காட்டுக் காய்ச்சல் கொண்டுபோனது. மறுபடி ஆள் அனுப்பினார்கள். ஈயம் வந்தது. அந்தச் சேற்றுக் கூடலில் முளைத்த கடைத்தெருதான் கோலாலம்பூர். தலைநகரத்தின் முதல் கணக்கே 87-க்கு 18 என்பதை எந்தச் சுற்றுலாப் பலகையும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

பணம் வந்ததும் ராஜா அப்துல்லாவுக்கு வசூல் வேலை அலுத்துவிட்டது. 1866-ல் கிள்ளானின் வரிக் குத்தகையை இரண்டு சிங்கப்பூர்ப் பெரும்புள்ளிகளிடம் கொடுத்தார். ஒருவர் வில்லியம் ஹென்றி ரீட், வெள்ளைக்கார வணிகர். இன்னொருவர் டான் கிம் செங். வசூலில் இருபது விழுக்காடு ராஜாவுக்கு. குத்தகைக்காரனுக்குச் சொந்தமும் தெரியாது, பந்தமும் தெரியாது. ராஜா மஹாடி அபினி கொண்டுவந்தார், அதற்கு வரி கேட்டார்கள். ராஜ வம்சத்துக்கே வரியா, அதுவும் என் அப்பா ஆண்ட ஆற்றிலா என்று மஹாடி பொங்கினார். தேசப்பற்று, மண்ணுரிமை, அன்னிய எதிர்ப்பு என்று பிற்காலத்தில் என்னென்னவோ பெயர் சூட்டினார்கள். நெருப்பு பற்றிய இடம் அபினி வரி.

நெருப்புக்கு எண்ணெய் ஊற்றியது ஒரு கொலை. ராஜா அப்துல்லாவின் பூகிஸ் ஆள் ஒருவன், சுமத்திராவின் பத்து பாரா ஊர்க்காரன் ஒருவனைக் கொன்றுவிட்டான். பத்து பாராத் தலைவர்கள் நியாயம் கேட்டார்கள். அப்துல்லா தம் ஆளை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் நேராக மஹாடியிடம் போனார்கள். நான் ஜெயித்தால் உங்களுக்கு வரிச்சலுகை என்றார் மஹாடி. 1867-ல் எல்லோரும் சேர்ந்து கிள்ளானை வளைத்தார்கள். ராஜா அப்துல்லா மலாக்காவுக்கு ஓடி அங்கேயே செத்துப்போனார். ஜெயித்ததும் மஹாடி வரிச்சலுகையை மறந்தார். பத்து பாராக்காரர்கள் அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயில் பக்கம் சாய்ந்தார்கள். போரின் முதல் கட்சித் தாவல் இது. இனி எண்ணிக்கை தவறும்.

சுல்தான் லங்காட்டில் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. கிள்ளானை யார் வைத்திருந்தால் என்ன, மாதம் 500 வெள்ளி வந்தால் சரி. மஹாடி 500 வெள்ளியையும் நிறுத்திவிட்டார். அது தாங்கமுடியாத துரோகம். சுல்தானின் மகள் ராஜா அர்ஃபாவுக்கு மஹாடியோடு நிச்சயமாகியிருந்தது. நிச்சயத்தை முறித்தார். கெடா சுல்தானின் தம்பி துங்கு குடினுக்குப் பெண்ணைக் கொடுத்தார். ராஜா அர்ஃபாவின் விருப்பத்தைக் கேட்பது அன்றைய அரசியலில் வழக்கமில்லை.

துங்கு குடின் இன்னொரு ரகம். வெள்ளைக்காரப் பழக்கங்களில் ஆசை. மது குடிக்கிறார், நாய் வளர்க்கிறார் என்று சிலாங்கூர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். எதையும் எழுதி வாங்கிக்கொள்வார். 1868 ஜூனில் மாமனார் அவருக்கு ஒரு பட்டயம் எழுதிக்கொடுத்தார். நாட்டையும் அதன் வருமானத்தையும் மருமகன் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற தோரணையில் இருந்தது. குடின் அதைச் சிலாங்கூர் முழுவதற்கும் தாம்தான் அதிகாரி என்று படித்தார். சுல்தானின் பிள்ளைகள், லங்காட்டை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்ன கடிதம் என்று படித்தார்கள். எழுதிய சுல்தானோ யார் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்கு ஏற்றபடி படித்தார். நிலப் பத்திரம் எழுதுகிறவர்கள் படிக்கவேண்டிய பாடம்.

குடின் கெடாவிலிருந்து 500 ஆட்களை வரவழைத்து, ராஜா இஸ்மாயிலோடு சேர்ந்து 1870 மார்ச்சில் கிள்ளானைப் பிடித்தார். மஹாடி வடக்கே ஓடினார். இங்கேதான் நம்ம பக்கம் கதைக்குள் வருகிறது. பெர்ணம் ஆற்றை ஆண்ட ராஜா ஹித்தாம், மஹாடிக்குத் தோள் கொடுத்தார். இருவரும் சேர்ந்து கோல சிலாங்கூரைப் பிடித்தார்கள். யாரிடமிருந்து? சுல்தானின் மூத்த மகன் ராஜா மூசாவிடமிருந்து. மூசா காப்பாற்ற முடியாமல் விட்டுவிட்டுப் போனார். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ராஜா மூசா என்ற பெயரில் ஒரு சதுப்புக் காட்டு ஒதுக்கீடு இருக்கிறது. கடும் வெயில் காலத்தில் மண்ணுக்குள்ளேயே தீப்பிடித்துப் புகையும். அந்தப் பெயருக்கும் பாதுகாப்புக்கும் ராசியில்லை போலும்.

கோல சிலாங்கூர் கோட்டையின் ஜாதகம் தனி. மெலாவத்தி மலைமேல் நின்று பார்த்தால் ஆறு கடலில் விழுவது தெரியும். இதை வைத்திருப்பவனைக் கேட்காமல் ஒரு படகு நுழைய முடியாது. 1784-ல் டச்சுக்காரர்கள் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங் பெயரில் ஆல்டிங்ஸ்பர்க் என்று பலகை மாட்டினார்கள். சுல்தான் இப்ராஹிம் பகாங்குக்கு ஓடி, அங்கே ஆள் சேர்த்து, 1785-ல் திரும்பிவந்து ராத்திரியோடு ராத்திரியாக விரட்டினார். பகாங்கில் ஆள் கிடைக்கும் என்ற அந்தப் பாடத்தை ஒருவர் மறக்காமல் வைத்திருந்தார். அது பின்னால்.

கோலாலம்பூர்க் காப்பித்தான் யாப் ஆ லோயைப் பார்ப்போம். 1837-ல் சீனாவில் பிறந்து, பதினேழு வயதில் மலாயா வந்து, லுக்குட்டில் பன்றி வியாபாரம் பார்த்து, படிப்படியாக ஏறியவர். அவர் காப்பித்தான் ஆனபோது அங்கீகாரம் கொடுத்தவர் ராஜா மஹாடி. ஆகவே மஹாடியின் ஆள். 1870-ல் கிள்ளான் குடினிடம் போனது. ஆகவே குடினின் ஆள். இதில் நெஞ்சு குத்துவதற்கு ஒன்றுமில்லை. அவருடைய சுரங்கத்துக்கு அரிசி கிள்ளான் வழியாகத்தான் வரவேண்டும். காலையில் கஞ்சி குடிக்க வேண்டிய ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களை வைத்துக்கொண்டு பழைய நன்றியைப் பாராட்ட முடியாது.

தாவியவர்களில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உள்ளவர் சையத் மஷ்ஹூர். அரபு வம்சம், போந்தியானாக்கிலிருந்து வந்த போர்வீரர். முதலில் குடின் தரப்புக்காகத்தான் உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். போன இடத்தில் செய்தி வந்தது: சுல்தானின் மகன் ராஜா யாக்கூப் லங்காட்டில் மஷ்ஹூரின் தம்பியைக் கொன்றுவிட்டான். அன்றே மஹாடி பக்கம் போனார், கடைசிவரை திரும்பவில்லை. இந்தக் கூட்டத்தில் பணத்துக்காக இல்லாமல் ரத்தத்துக்காகக் கட்சி மாறியவர் இவர் ஒருவர்தான் என்பது என் கணிப்பு.

1871-ல் வெள்ளைக்காரன் நேரடியாக உள்ளே வந்தான். பினாங்கிலிருந்து லாருட்டுக்குப் போன கிம் செங் சியோங் என்ற சீனக் கப்பலைக் கொள்ளைக்காரர்கள் பிடித்தார்கள்; பயணிகள்போல ஏறி 34 பேரைக் கொன்றார்கள். கப்பலைத் தேடிப்போன பினாங்குப் போலீஸ் அதைக் கோல சிலாங்கூரில் கண்டுபிடித்தது. சிலரைப் பிடித்தார்கள். கரையில் மஹாடி தரப்பு ராஜா மாமூட் எதிர்த்து நின்றார், சண்டை மூண்டது. ஜூலையில் ரினால்டோ என்ற போர்க்கப்பல் வந்து கோட்டையைச் சுட்டுத் தள்ளியது. கொள்ளையடித்தவர்கள் சீனர்கள், குண்டு விழுந்தது மஹாடியின் கோட்டையில், லாபம் துங்கு குடினுக்கு. இதற்குக் கணக்குப் பாடத்தில் விடை இல்லை, அரசியலில் இருக்கிறது. மாஜி தலைமை நீதிபதி சர் பென்சன் மேக்ஸ்வெல் லண்டனில் இதைக் கிழித்து எழுதினார். காலனி அலுவலகம் தொண்டையைக் கனைத்துவிட்டு, எல்லாம் முறைப்படிதான் நடந்தது என்றது.

அடுத்து நடந்தது பச்சையான மிரட்டல். சிங்கப்பூரின் காலனிச் செயலாளர் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச், டீசர் என்ற போர்க்கப்பலோடு லங்காட்டுக்குப் போனார். ஆற்றில் பீரங்கிகள் சுல்தானின் வீட்டைப் பார்த்தபடி நிற்க, கரையில் மரியாதையான பேச்சுவார்த்தை. கடற்கொள்ளைக்காரர்களை ஒப்படையுங்கள், மஹாடியைக் கைகழுவுங்கள், துங்கு குடின்தான் உங்கள் பிரதிநிதி என்று எழுதிக்கொடுங்கள். கப்பலைப் பார்த்த சுல்தான் எழுதிக்கொடுத்தார். 1868-ல் அவரே எழுதிய கடிதத்துக்கு என்ன அர்த்தம் என்ற மூன்று வருடச் சண்டை, பீரங்கியின் இலக்கணத்தால் ஒரே நாளில் தீர்ந்தது.

தீர்ந்ததா? குடின் ஆங்கிலேயரின் ஆள் என்று முத்திரை விழுந்ததும், இதுவரை சும்மா இருந்தவர்களும் மஹாடி பக்கம் வந்தார்கள். 1872 ஆகஸ்டில் மஷ்ஹூரின் படை கோலாலம்பூரை நெருக்கியது. அங்கே குடினுக்காகக் காவல் காத்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். தலைமை வான் ஹாகன் என்ற டச்சுக்காரர், கூட ஒரு இத்தாலியர் காவலியேரி. மலாய் ராஜாக்களின் ஆற்றுச் சண்டையில், சீனர்களின் சுரங்க ஊரை, டச்சுக்காரன் கட்டளையில், இந்தியச் சிப்பாய் காக்கிறான். கிள்ளானுக்குத் தப்பிப்போகும் வழியில் பெட்டாலிங்கில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள்; அவர்கள் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சிப்பாய்களில் ஒருவன் பெயர்கூட இல்லை. ஊர் எரிந்தது, யாப் ஆ லோய் கிள்ளானுக்கு ஓடினார். கோல சிலாங்கூரும் மஹாடி தரப்புக்குத் திரும்பியது.

அப்போதுதான் குடினுக்குப் பகாங் ஞாபகம் வந்தது. கவர்னர் சர் ஹாரி ஆர்டின் சம்மதத்தோடு பகாங்கின் பெண்டஹாரா வான் அகமது ஆள் அனுப்பினார். 1873 மார்ச்சில் கோலாலம்பூர் மீட்கப்பட்டது. நவம்பரில் கோல சிலாங்கூர். வந்த வீரர்களில் தோக் காஜாவும் பாஹாமானும் இருந்தார்கள். வெள்ளைக்காரனுக்கு வேண்டியவருக்காகச் சிலாங்கூரில் ரத்தம் சிந்திய அதே பாஹாமான், 1891-ல் அதே வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பகாங்கில் கிளம்பினார். இன்று அவர் தேசிய வீரர். எந்த வருடத்தில் நிறுத்திப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சுட்டவர்களையும் ஓடியவர்களையும் பார்த்துவிட்டோம். ஜெயித்தவரை இன்னும் பார்க்கவில்லை. அவர் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. சிங்கப்பூர் வழக்கறிஞர் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன்.

கெடா ஆட்களுக்குச் சம்பளம், சிப்பாய்களுக்குச் சம்பளம், வெடிமருந்து, அரிசி. துங்கு குடினின் கையில் இதற்கெல்லாம் பணம் ஏது? ரீட் தரப்பு வணிகர்களும் டேவிட்சனும் கடன் கொடுத்தார்கள். திருப்பித்தர வழியில்லாதபோது 1873 மார்ச்சில் ஒரு ஒப்பந்தம் ஆனது. சிலாங்கூரில் இதுவரை தோண்டாத ஈய நிலம் அத்தனையும் பத்து வருடத்துக்கு டேவிட்சனின் கம்பெனிக்கு. மாநிலத்தில் பாதி எந்த ராஜா கையில் இருக்கிறதென்றே தெரியாத மாதம் அது. தன்னிடம் இல்லாததைக் குடின் எழுதிக்கொடுத்தார்; கிடைக்காததை டேவிட்சன் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் திருப்தி.

இனி அந்த நிலத்தில் அமைதி வந்தால்தான் தோண்ட முடியும். அமைதியைக் கொண்டுவர பிரிட்டிஷ் அரசாங்கம் வேண்டும். அரசாங்கமோ தலையிட மாட்டோம் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அசைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதே 1873 ஜூலையில், இந்த ஈய வியாபாரத்தோடு தொடர்புள்ள சீமோர் கிளார்க் என்பவர் லண்டன் காலனி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இங்குள்ள சின்னச் சின்ன நாடுகள் ஏதாவது ஐரோப்பிய அரசின் பாதுகாப்பில் போகத் தயாராக இருக்கின்றன. இங்கிலாந்து வராவிட்டால் ஜெர்மனியாக இருக்கலாம். அவ்வளவுதான். லங்காட்டில் பர்ச்சுக்குப் போர்க்கப்பல் தேவைப்பட்டது. லண்டனில் ஒரு தபால்தலை போதுமாக இருந்தது. சுல்தானை மிரட்டிய அரசாங்கத்தையே மிரட்டிய இந்தக் கைவேலையைப் பள்ளிப் புத்தகம் 'ஜெர்மானிய அச்சுறுத்தல்' என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. அச்சுறுத்தியது ஜெர்மனி இல்லை சார், கடன்காரன்!

செப்டம்பரில் புதுக் கவர்னர் சர் ஆண்ட்ரூ கிளார்க்குக்கு மலாய் நாடுகளின் நிலையை விசாரிக்கச் சொல்லி உத்தரவு போனது. விசாரிக்கச் சொன்னால் அவர் 1874 ஜனவரியில் பங்கோரில் ஒப்பந்தமே போட்டுவிட்டார். பிப்ரவரியில் கடற்படையோடு லங்காட் வந்தார். ஆகஸ்டில் இருபத்து நாலு வயதுப் பையன் பிராங்க் சுவெட்டன்ஹாம் உதவி ரெசிடென்ட்டாக சுல்தானின் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டான். 1875 தொடக்கத்தில் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் நியமிக்கப்பட்டார். நடுநிலையோடு ஆலோசனை சொல்லும் பதவி. எல்லாத் தரப்புக்கும் பொதுவான ஆள் வேண்டும். பல பேர் யோசித்துத் தேர்ந்தெடுத்தது: ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன்.

ஒரு தரப்பின் வக்கீல், அதே தரப்புக்குக் கடன் கொடுத்தவர், அந்தக் கடனுக்கு ஈடாக நாட்டின் கனிமத்தை வாங்கியவர், பிறகு அந்த நாட்டுக்கே நடுவர். அந்தக் காலத்தில் இதற்கு முறைகேடு என்று பெயரில்லை, அனுபவம் என்று பெயர். அவருக்குப் பின் வந்த ரெசிடென்ட் புளூம்ஃபீல்ட் டக்ளஸ் அனுபவத்தைக் குடும்பத்துக்கும் பங்கிட்டார்; நில விவகாரத்தில் மருமகன் டேலியின் பெயர் நாறி, 1882-ல் மாமனார் பதவியை விட்டுப் போனார். இந்த மாநிலத்தில் மாமனார் மருமகன் விவகாரம் ராஜ வம்சத்தோடு நிற்கவில்லை.

இந்த மண்ணின் ராசியே அப்படியோ என்னவோ. 1996-ல் சிலாங்கூர் மந்திரி பெசார் ஒருவர் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் பன்னிரண்டு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ரொக்கத்தோடு பிடிபட்டார். ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை என்பது வாதம், வழக்கிலிருந்து விடுதலையும் ஆனார். 2020 பிப்ரவரியில் ஒரு மத்திய அரசாங்கத்தையே கவிழ்த்த கட்சித் தாவல் கூட்டம் நடந்த ஓட்டல் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. கட்சி தாவும் தவளைகளுக்குத் தடை போட 2022-ல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 1870-ல் அந்தச் சட்டம் இருந்திருந்தால் சிலாங்கூரில் இடைத்தேர்தல் நடத்தியே கஜானா காலியாகியிருக்கும்.

போர் முடிந்ததும் யார் எங்கே போனார்கள்? ராஜா மஹாடி 1882-ல் சிங்கப்பூரில் இறந்தார், கிள்ளானைத் திரும்பப் பார்க்காமலே. சையத் மஷ்ஹூர் கெர்லிங்கில் பெங்குலுவாக அடங்கினார். கோல சிலாங்கூரில் வெள்ளைக்காரப் போலீசை எதிர்த்து நின்ற ராஜா மாமூட், 1875-ல் பேராக் போரில் சுவெட்டன்ஹாமின் கூட்டாளியாகப் பக்கத்தில் நடந்தார். பிற்பாடு சுவெட்டன்ஹாம் அவரைப் பற்றி உருகி உருகி எழுதினார். துங்கு குடின் நிலை பரிதாபம். யாருக்காக ஜெயித்தாரோ அவர்களுக்கு இனி அவர் தேவையில்லை. 1878-ல் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பினாங்குக்குப் போய்ச் சேர்ந்தார். யாப் ஆ லோய் எரிந்த ஊரை மறுபடி கட்டினார். 1885-ல் சாகும்போது அந்த ஊரின் பெரிய பணக்காரர் அவர்தான்.

சுல்தான் அப்துல் சமாட் எல்லோரையும் வழியனுப்பிவிட்டு 1898 வரை இருந்தார். அவர் பெயர் சுமக்கும் பெரிய கட்டடம் கோலாலம்பூரில் நிற்கிறது, கடிகாரக் கோபுரத்தோடு. அவர் அந்த ஊரில் வாழ்ந்தவர் இல்லை; கட்டியது ஆங்கிலேயர், 1897-ல், தங்கள் ஆபீசுக்காக. ஏழு வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்தவருக்குக் கிடைத்ததைப் பாருங்கள்.

வடக்குச் சிலாங்கூரின் ஆற்று வாய்கள் மதிப்பிழந்தன. 1886-ல் கிள்ளான் பக்கமாக ரயில் ஓடத் தொடங்கியது; டோல் வசூல் ஆற்றை விட்டுத் தண்டவாளத்துக்கு ஏறியது. பிறகு காடுகளை வெட்டித் தோட்டம் போட ஆட்கள் தேவைப்பட்டார்கள், கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்திலிருந்து வந்தோம். 1917-ல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். போரில் பெயரில்லாத சிப்பாயாக வந்தவர்கள், அமைதியில் பெயருக்குப் பதில் பெரட்டு எண்ணோடு நின்றார்கள். ராஜாக்களும் துரைகளும் கட்சி மாறியபோதெல்லாம் அரிசி விலை மாறியது. மற்றபடி மேலே யார் என்று தோட்டத்து லயத்தில் யாரும் கவலைப்பட்டதில்லை.

கோலாலம்பூர்ச் சாலைகளில் மட்டும் சரித்திரம் கொஞ்சம் பழிவாங்கியிருக்கிறது. லங்காட்டில் பீரங்கி காட்டிய பர்ச் 1875-ல் பேராக்கில் கொல்லப்பட்டார். பர்ச் சாலையின் இன்றைய பெயர் ஜாலான் மஹாராஜாலேலா, அதாவது அவரைக் கொல்லவைத்தவரின் பெயர். டேவிட்சன் சாலை ஜாலான் ஹங் ஜெபாட் ஆகிவிட்டது. சுல்தானை எதிர்த்துக் கிளம்பிய வீரனின் பெயர்.

ஆனால் டேவிட்சனுக்காக யாரும் இரக்கப்பட வேண்டாம். ரெசிடென்ட் வேலையை விட்டுவிட்டு அவர் சிங்கப்பூருக்குத் திரும்பி வக்கீல் தொழிலையே பார்த்தார். மஹாடியின் கோட்டை போனது, குடினின் பட்டயம் போனது, ரெசிடென்ட் பதவியும் 1957-க்கு முன்பே அர்த்தமிழந்து போனது. 1861-ல் டேவிட்சன் கூட்டாளியோடு சிங்கப்பூரில் தொடங்கிய சட்ட நிறுவனம், பெயர் மாறி, இன்றும் கட்சிக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.